பஞ்ச்கனியில் ஒரு பியானோ மாணவன்: ஃபிரெடி மெர்க்குரியும் அவரது வாழ்க்கை வரலாறுகளும்

குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி 1946 செப்டம்பர் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சான்சிபார் தீவில், ஃபரோக் புல்சாரா என்ற பெயரில் பிறந்தார். பெற்றோர் போமி, ஜெர் இருவரும் பார்சிகள். அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த புல்சார், அதாவது இன்றைய குஜராத்தின் வல்சாட், அந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்த ஊர். போமி உயர் நீதிமன்றத்தில் காசாளர். காலனி அரசின் சம்பளக்காரர் என்பதால் வீட்டில் வேலையாட்களும் வசதியும் இருந்தன. ஆனால் மகனுக்கு ஏற்ற பள்ளி தீவில் இல்லை என்று பெற்றோர் நினைத்தார்கள். எட்டு வயதில் சிறுவன் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தான். அடுத்த எட்டாண்டுகள், விடுமுறைகள் நீங்கலாக, அவனது உலகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலிருந்த பஞ்ச்கனி என்ற ஊரின் ஒரு போர்டிங் பள்ளிதான்.

மெர்க்குரியைப் பற்றி வந்த நூல்களிலும் படங்களிலும் பெரும்பாலானவை இந்தக் காலத்தைச் சில பக்கங்களில் கடந்துவிடுகின்றன. லண்டனில் 1970இல் தொடங்கும் கதையே அவற்றுக்கு முக்கியம். கூட இருந்தவர்களின் நினைவுக்குறிப்புகள் இன்னும் பிந்திய காலத்தோடு நின்றுவிடுகின்றன: கடைசி ஆண்டுகளில் துணைவராக இருந்த ஜிம் ஹட்டன் எழுதிய நூல் 1994இல் வந்தது, உதவியாளர் பீட்டர் ஃப்ரீஸ்டோன் எழுதியது 1998இல். லெஸ்லி ஆன் ஜோன்ஸ் 1997இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும், 2000இல் ருடி டோலெசல், ஹானஸ் ரோசாஹர் எடுத்த ஆவணப்படமும் சான்சிபாரையும் பஞ்ச்கனியையும் ஓரளவு தேடிப் போனவை. அவற்றிலும் ஆவணங்கள் குறைவு. பள்ளித் தோழர்கள் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னவை அதிகம். புகழ் வந்தபின் கேட்டு வாங்கிய நினைவுகளில் பழைய தோழன் சற்று உயரமாகத்தான் தெரிவான் என்பதை மறக்காமல் இவற்றைப் படிக்க வேண்டும்.

பம்பாயில் இன்று சயானிலோ செம்பூரிலோ பஞ்ச்கனிக்குப் பஸ் ஏறுபவர் மான்குர்த்தைத் தாண்டி, வாஷிப் பாலத்தின் வழியே கழிமுகத்தைக் கடக்கிறார். அங்கே முதல் பாலம் 1973இல்தான் வந்தது. புல்சாரா படித்த காலத்தில் மான்குர்த், ஹார்பர் ரயில் தடம் முடியும் இடம். அதற்கு அப்பால் உப்பங்கழி. ஆகவே பள்ளி மாணவர்கள் பம்பாயின் விக்டோரியா டெர்மினஸில் ரயிலேறிப் பூனா போய், அங்கிருந்து மலைப்பாதையில் பஸ் பிடித்தார்கள். பஞ்ச்கனி சுமார் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் உடல்நலத்துக்காக அமைத்த மலையூர் அது. பின்னாளில் போர்டிங் பள்ளிகளின் ஊராகிவிட்டது. பார்சிகள், ஆங்கிலோ இந்தியர்கள், ஆப்பிரிக்கக் கரையில் வேலை பார்த்த இந்தியர்களின் பிள்ளைகள், நேபாளத்து ராணா குடும்பத்துப் பையன்கள் எல்லாரும் அங்கே ஒரே விடுதியில் படுத்தார்கள்.

செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில்தான் ஃபரோக், ஃபிரெடி ஆனான். மேல்வாயில் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்து முன்பற்களைத் தள்ளியிருந்ததால் கேலிப் பெயரும் சேர்ந்தது. மேஜைப்பந்தில் பள்ளிச் சாம்பியன். குத்துச்சண்டை போட்டு, தாய்க்குப் பிடிக்காததால் அதை விட்டவன். 1958இல் இளையோர் பிரிவின் சகலகலா மாணவனுக்கான கோப்பையைப் பெற்றவன். பியானோவோ பம்பாயிலிருந்து வந்தது. விடுமுறைகளில் அவன் தங்கியது பாட்டியும் அத்தையும் இருந்த பம்பாய் வீட்டில். கேட்டதை உடனே வாசித்துக் காட்டும் காது அவனுக்கு இருப்பதை முதலில் கவனித்தவர் அத்தை என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி முதல்வரும் தனிக் கட்டணம் கட்டிப் பியானோ கற்பிக்கலாம் என்று பெற்றோருக்கு எழுதினார். செய்முறையிலும் இசைக் கோட்பாட்டிலும் நான்காம் நிலைத் தேர்வுவரை ஃபிரெடி தேறினான்.

பம்பாய்ப் பார்சி வீட்டில் பியானோ இருப்பதில் வியப்பில்லை. மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிறந்த அவரது மகன் சூபின் மேத்தா உலகின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களை நடத்தியவர். சபை, தேவாலயம், கிளப் என்று மேற்கத்திய இசைக்கு அந்த நகரத்தில் கேட்பவர்களும் கற்பிப்பவர்களும் இருந்தார்கள். பஞ்ச்கனியின் விடுதிக்கோ அது வானொலி வழியாக வந்தது. அகில இந்திய வானொலி, அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில், 1952இலிருந்து சினிமாப் பாட்டையே விலக்கி வைத்திருந்தது. கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை எம்.ஜி.ஆர். பாட்டு கேட்ட அதே நிலையத்தின் ஆங்கிலச் சேவை, எல்விஸ் பிரெஸ்லியையும் லிட்டில் ரிச்சர்டையும் இந்திய விடுதி அறைகளுக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை கேட்ட பாட்டை ஃபிரெடி பியானோவில் எடுத்துவிடுவான் என்று பள்ளித் தோழர்கள் பலரும் சொன்னார்கள். அவர்களது நினைவுகளில் மிகவும் ஒத்துப்போவது இதுவே.

1958 வாக்கில் ஐந்து பையன்கள் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். பாடியவர் புரூஸ் மரே. கூட இருந்தவர்கள் டெரிக் பிராஞ்ச், ஃபராங் இரானி, விக்டரி ராணா. பின்னாளில் உலகம் அறிந்த பாடகன் இந்தக் குழுவில் பாடகன் இல்லை. பியானோவில் உட்கார்ந்து பின்குரல் கொடுத்தான், முன்வரிசை மரேயுடையது. பள்ளி விழாக்களும், பக்கத்துப் பெண்கள் பள்ளியான கிம்மின்ஸ் மாணவிகளும்தான் அவர்களது மேடையும் சபையும். இந்தப் பின்வரிசைப் பயிற்சி சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் குவீனின் பாடல்களை இயற்றியபோது மெர்க்குரி பெரும்பாலும் பியானோவிலிருந்தே தொடங்கினார்; கிட்டார் குழுக்களில் அரிதாக வரும் மேளப்பெயர்ச்சிகளும், அடுக்கடுக்கான பின்குரல்களும் அங்கிருந்து பிறந்தவை. பியானோ, பின்குரல் இரண்டையும் அவர் ஒரு குழுவில் முதலில் செய்து பார்த்த இடம் ஹெக்டிக்ஸ்.

ஐவரில் மற்றவர்கள் வெவ்வேறு வழியில் போனார்கள். பிராஞ்ச் இங்கிலாந்தில் நடிகரானார். ‘மை ப்யூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ படத்தில் நடித்திருக்கிறார். ராணா நேபாள ராணுவத்தில் உயர்ந்து சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தளபதியானார். இரானி பூனாவில் உணவகம் நடத்தினார்.

ஹெக்டிக்ஸ் பின்பற்றியவர்களில் ஒருவர் கிளிஃப் ரிச்சர்ட். 1958இல் முதல் இசைத்தட்டிலேயே பிரிட்டனில் பெயர் பெற்ற அவர், ஹாரி வெப் என்ற பெயரில் 1940இல் லக்னோவில் பிறந்தவர். பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1948இல், குடும்பத்தோடு பம்பாய்த் துறைமுகத்தில் ‘ராஞ்சி’ என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்து போயிருந்தார். இந்த வரிசை நீளமானது. ஏங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இல் மதராஸில் பிறந்த ஆர்னால்ட் டார்சி. 1967இல் அவரது ஒரு பாட்டு பீட்டில்ஸின் இசைத்தட்டைப் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. பீட்டில்ஸின் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட்டும் 1941இல் மதராஸில் பிறந்தவர். ஆனால் இவர்கள் மூவரும் சாம்ராஜ்யம் முடியும் தறுவாயில் ‘ஊர்’ திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள். புல்சாராவுக்கு இங்கிலாந்து அப்படித் திரும்பும் ஊர் அல்ல. அவரை அந்த வரிசையில் வைத்துப் பேசும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

1963 தொடக்கத்தில் அவர் சான்சிபார் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் தீவு விடுதலை பெற்றது. 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்தது. அரபுகளும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் இரண்டொரு பெட்டிகளோடு லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஃபெல்தமுக்குப் போய்ச் சேர்ந்தது. காசாளர் குடும்பம் அங்கே சாதாரணக் குடியேறிகள். மகன் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்து 1969இல் பட்டயம் பெற்றார்; ஹீத்ரோவில் பெட்டி தூக்கினார்; கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழந்துணி விற்றார். ஐபெக்ஸ், சவர் மில்க் சீ போன்ற சிறு குழுக்களில் பாடிவிட்டு, 1970இல் பிரையன் மேயோடும் டெய்லரோடும் சேர்ந்து குவீனைத் தொடங்கினார். குழுவின் பெயரும் சின்னமும் அவர் தந்தவை. மெர்க்குரி என்ற குடும்பப் பெயரும் அப்போது வந்ததே. 1971இல் ஜான் டீக்கன் சேர்ந்ததும் நால்வர் அணி முழுமை பெற்றது.

அதன் பிறகான கதை பலரும் அறிந்தது. 1973இல் முதல் ஆல்பம். 1974இல் ‘கில்லர் குவீன்’ பிரிட்டனில் இரண்டாமிடம். 1975 அக்டோபர் 31இல் ‘பொஹீமியன் ராப்சடி’ வந்தது. ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடி குறைவான பாட்டை வானொலிகள் ஒலிபரப்பமாட்டா என்ற எச்சரிக்கையை மீறி வெளியிட்டார்கள். ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பல்லவி திரும்ப வராத அந்த அமைப்பும், மூன்று பேரின் குரலை மீண்டும் மீண்டும் பதிந்து உருவாக்கிய ஓபரா பகுதியும் மெர்க்குரியின் கற்பனை. அமெரிக்காவில் 1980இல் இரண்டு பாடல்கள் முதலிடம் பெற்றன. 1981இல் சாவ் பாவ்லோவின் மொரும்பி அரங்கில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 1985 ஜூலை 13, வெம்ப்ளியில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டில் குவீனுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடம். அன்றைய மேடைகளிலேயே சிறந்தது என்று பின்னாளில் பல வாக்கெடுப்புகள் சொன்ன நிகழ்ச்சி அது. 1986 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் நடந்த கச்சேரியே அவர் குழுவோடு பாடிய கடைசிக் கச்சேரி. மொன்சராட் கபாயே என்ற ஓபரா பாடகியோடு 1988இல் ‘பார்சிலோனா’ ஆல்பத்தை வெளியிட்டார். குவீன் பாடல்களுக்குப் பழகிய காதுகள் அதை ஒதுக்கினாலும், பஞ்ச்கனியின் செவ்வியல் பாடங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்பவர் அந்த ஆல்பத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

குரலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகை அதிகம். 2016இல் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் தலைமையில் வெளியான ஓர் ஆய்வு, பதிவுகளை அளந்து பார்த்தது. பேச்சுக் குரலை வைத்துப் பார்த்தால் அவர் பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல். பாடியது உச்ச ஸ்தாயியில். நான்கு ஸ்தாயி வீச்சு என்று பரவிய செய்தியை அந்த ஆய்வால் உறுதிப்படுத்த முடியவில்லை. மற்ற பாடகர்களைவிட வேகமான, சீரற்ற அதிர்வு அவர் குரலில் இருந்ததையும், கரகரப்பான இடங்களில் குரல்நாணுக்கு மேலுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்பதையும் அது காட்டியது. கூடுதல் பற்களை எடுத்தால் குரல் மாறிவிடும் என்று அஞ்சி அவர் கடைசிவரை அவற்றைத் தொடவிடவில்லை.

இந்திய எழுத்தாளர்கள் செய்யும் மிகை வேறு வகை. லதா மங்கேஷ்கர் அவரது பால்ய முன்மாதிரி என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பம்பாயில் வளர்ந்த பையன் லதாவைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவரே விரும்பிச் சொன்ன பெயர்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அரீதா ஃபிராங்க்ளின், லைசா மினெல்லி. 1978இன் ‘ஜாஸ்’ ஆல்பத்தில் வரும் ‘முஸ்தஃபா’ என்ற பாட்டின் கிழக்கத்திய சாயலை இந்திய இசை என்று கொள்வதும் அவசரம். அது சான்சிபார் தெருவின் பாங்கொலிக்கு நெருக்கமானது. ராகத்தைத் தேடுவதைவிடப் பியானோவைத் தேடுவது பலன் தரும்.

பேட்டிகளில் அவர் பிறப்பைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ பேச விரும்பியதில்லை. அவர் பாடிய காலத்தில் குவீன் இந்தியாவுக்கு வரவே இல்லை. 1980 மார்ச்சில் ‘தி போலீஸ்’ என்ற ராக் குழு பம்பாயில் வாசித்தபோது அதை ஏற்பாடு செய்தது டைம் அண்ட் டாலன்ட்ஸ் கிளப் என்ற மாதர் சங்கம். அழைத்திருந்தால் குவீனுக்கும் சபை இருந்திருக்கும். இந்த மௌனத்தை வெட்கம் என்று சிலரும் வியாபாரத் தந்திரம் என்று சிலரும் விளக்குகிறார்கள். எழுபதுகளின் பிரிட்டனில் ஆசியக் குடியேறிகள் தெருவில் கேட்ட வசைகளையும், தன்பால் நாட்டத்தையும் அவர் அதே அளவு மூடி வைத்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், முதல் விளக்கத்தைவிட எச்சரிக்கை என்ற சொல் பொருந்தும்.

1987இல் எய்ட்ஸ் நோய் உறுதியானது. அதை உலகுக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23இல். மறுநாள் கென்சிங்டன் வீட்டில் இறந்தார். வயது 45. இறுதிச் சடங்கை ஜொராஸ்ட்ரிய குருமார்கள் நடத்தினார்கள். உடல் லண்டனில் எரியூட்டப்பட்டது. ‘பொஹீமியன் ராப்சடி’ மறுபடி ஐந்து வாரம் முதலிடம் பெற்றது. 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலிக் கச்சேரியை ஒட்டி, எய்ட்ஸ் ஒழிப்புக்காக மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை உருவானது.

அவர் வாழ்ந்த இடங்களுக்கு உரிய மரியாதை மெதுவாகத்தான் வந்தது. ஃபெல்தம் வீட்டில் நீலப் பலகை பதித்தது 2016இல். 2018இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ திரைப்படம் ராமி மாலெக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அது ஹீத்ரோவில் பெட்டி தூக்கும் இளைஞனிலிருந்து கதையை எடுக்கிறது; பம்பாயும் பஞ்ச்கனியும் அதில் சில வசனங்களோடு சரி. 2023இல் லண்டனில் சோதபீஸ் நிறுவனம் அவரது உடைமைகளை ஏலம் விட்டபோது, அவர் 1975இல் வாங்கிய யமஹா பியானோ பதினேழு லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.