இனத்துவ அடையாளமும் உளவளத்துணையும்: படிநிலைக் கோட்பாடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

உளவளத்துணைத் துறையில் இனத்துவ அடையாளம் பற்றி எழுந்த கோட்பாடுகளுள் வில்லியம் குறொஸ் 1971இல் முன்வைத்த படிநிலைக் கோட்பாடு பெருஞ் செல்வாக்குப் பெற்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து பிறந்த அக்கோட்பாடு, தன் இனத்தைப் பொருட்படுத்தாது வாழும் ஒருவர் ஓர் அதிர்ச்சியை எதிர்கொண்டு, இனவுணர்விலே மூழ்கி, ஈற்றில் அதனை அமைதியாகத் தன்னுள் ஏற்கிறார் எனக் கொள்ளும். அது தோன்றிய சூழலில் அதற்கிருந்த நியாயத்தை எவரும் மறுக்கார். ஆயின், கொழும்புத் தமிழருக்கு அதனைப் பொருத்துமிடத்து இடர்ப்பாடுகள் எழுகின்றன.

இங்கு 'எதிர்கொள்ளல்' ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. 1958, 1977, 1983 என அது மீண்டும் மீண்டும் வந்தது. 2007 யூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலாம் இடங்களின் லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்திற்று. இவர்களை எந்தப் படியில் வைப்பது?

இதனினும் பாரதூரமானது மற்றொன்று. பதற்றமான நாட்களில் பஸ்ஸிலே தமிழ் பேசத் தயங்கியும் பொட்டை அழித்துக்கொண்டும் வெளியே சென்ற ஒரு பெண்ணை, கோட்பாட்டை அப்படியே கைக்கொள்ளும் உளவளத்துணையாளர் முதற்படியில் நிறுத்தி, தன்னின மறுப்பு எனக் குறித்துக்கொள்வார். அது மறுப்பன்று, தற்காப்பு. தாம் தமிழர் என்பதில் அவருக்கு ஐயமேதும் இல்லை. ஐயமின்மையாலேயே அஞ்சினார். அவ்வச்சத்தைக் குறைபாடாகக் கருதித் 'துணிவு' ஊட்டும் ஆலோசனை அவரை ஆபத்திலே தள்ளக்கூடும். முதற்படியிலுள்ளோர் யாவரும் தம்மை வெறுப்பவர் என்ற கருத்தைக் குறொஸே 1991இல் திருத்திக்கொண்டார் என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

கொட்டாஞ்சேனை காட்டும் சிக்கலோ வேறு. இந்திய வம்சாவளியினர், கொழும்புச் செட்டிகள், பரதர், வடக்கிலிருந்து வந்தோர் எனப் பலரும் அருகருகே வாழும் இடம் அது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் பிரித்தெண்ணிற்று. 2012இல் செட்டிகளும் பரதரும் தனி இனங்களாக எண்ணப்பட்டனர். அரசின் ஏடு வகுத்த பெயருள் எதனை ஏற்பதை முதிர்ச்சி என்பது?

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் நோக்கிக் கூட்டு உளவடு பற்றி எழுதியவை நமக்குக் கூடிய பயன் தருவன. எனினும் அவை பெரிதும் வடக்கை மையமாகக் கொண்டவை. 1983இல் வீட்டை எரித்தவரும் தன்னை ஒளித்துக் காத்த அயலவரும் ஒரே இனத்தவராக அமைந்த ஒருவரின் உள்ளம் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.