வேலைக்குப் போன அபியும், போக முடியாத நாலு பேரும்

2009 டிசம்பர்ல 'கோலங்கள்' முடிஞ்சது. அதோட நானும் சீரியல் பார்க்கறதை விட்டுட்டேன். மறுபடி உட்கார்ந்து முறையாகப் பார்த்த சீரியல் 'எதிர்நீச்சல்'. அது தொடங்கியது 2022 பிப்ரவரியில். ஆக, நடுவில் பன்னிரண்டு வருஷம் காலி. இரண்டுமே சன் டிவி, இரண்டுமே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், இரண்டையும் இயக்கியவர் திருச்செல்வம். வில்லன் பெயர்கூட இரண்டிலும் ஆதிதான். ஒரே ஆள் எழுதிய பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்துல பக்கத்துல வைத்து, எந்த வரி மாறியிருக்கு என்று பார்ப்பது என் பிழைப்பு. அதையே இந்த இரண்டு சீரியலுக்கும் செய்து பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல கொஞ்சம் பின்னணி. தூர்தர்ஷன் காலத்துல நாடகம்னா பெரும்பாலும் 13 வாரம். எழுத உட்காரும்போதே முடிவு தெரியும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகும் கொஞ்ச காலம் வாராந்திரத் தொடர்கள் தாக்குப்பிடித்தன. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' அப்படி வந்ததுதான். அடுத்த வாரம் வரைக்கும் பள்ளிக்கூடத்துல அதைத்தான் பேசுவோம். 1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். பிறகு 2002-ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி', 2003-ல் 'கோலங்கள்'. மெட்டி ஒலி 811 எபிசோட். கோலங்கள் 1500-ஐத் தாண்டியது.

தினசரி என்று ஆனதும் எழுதுகிற முறையே மாறிப்போச்சு. முடிவு என்று ஒன்று கையில் கிடையாது. வாராவாரம் வருகிற டிஆர்பிதான் கதையை நீட்டலாமா, யாரைக் கொல்லலாம், யாருக்குக் கல்யாணம் என்று சொல்லும். செலவைக் கட்டுப்படுத்த ஒரு வீட்டைப் பிடித்து, கூடம், மாடிப்படி, சமையல்கட்டு என்று அங்கேயே மாற்றி மாற்றி எடுப்பார்கள். தமிழ் சீரியல் எல்லாம் ஏன் ஒரு வீட்டுக்குள்ளயே நடக்குதுன்னு கேட்டா, பாதிப் பதில் குடும்பப் பாசம், மீதிப் பாதி பட்ஜெட்.

இந்தக் கட்டுப்பாட்டை 'எதிர்நீச்சல்' கையாண்ட விதம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மதுரைப் பக்கம் ஒரு பணக்கார வீடு. அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவர் ஆதி குணசேகரன் சொல்வதுதான் சட்டம். நாலு மருமகள்கள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி. எல்லாரும் விவரமானவர்கள். ஒருத்திக்குக் கைப்பக்குவம், ஒருத்திக்கு நடனம், படிப்புக்கும் குறைவில்லை. ஆனா வாசல் தாண்ட அனுமதி இல்லை. மற்ற சீரியலில் வீடு ஒரு செட். இதில் வீடுதான் விஷயம். கேமரா வெளியே போக முடியாததும் இந்தப் பெண்கள் வெளியே போக முடியாததும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. முதல் வருஷத்து அடுப்படிக் காட்சிகளைப் பாருங்க. நாலு பேரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஆம்பளைங்க காதுல விழாத குரலில் பேசுவார்கள். திட்டு, கிண்டல், அழுகை, திட்டம் எல்லாமே அங்கேதான். மாமியார் நிழல் தெரிந்தால் பேச்சு குழம்புக்கு மாறிவிடும். வழக்கமாக ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்கப் பார்க்கும் ஓரகத்திகளை ஒரே கட்சியில் சேர்த்தது பெரிய காரியம். அந்தப் பாராட்டைத் திருச்செல்வத்துக்குக் குறைக்காமல் கொடுக்கணும்.

இப்போ பழைய வெர்ஷனுக்கு வருவோம். 2003-ல் தேவயானி நடித்த அபி வேலைக்குப் போகிறவள். கட்டுமானத் தொழிலில் இருந்தவள். அவளுக்கும் புருஷன் வீட்டுத் தொல்லை உண்டு, அழுகையும் உண்டு. ஆனா காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆதியோடு அவள் போட்ட சண்டை பாதி குடும்பப் பகை, பாதி தொழில் போட்டி. வேலைக்குப் போகலாமா கூடாதா என்பது அங்கே கேள்வியே இல்லை. போன இடத்தில் ஜெயிப்பாளா என்பதுதான் கேள்வி.

ஆக, அபி தொடங்கிய இடத்துக்கு வந்து சேரத்தான் 2022-ல் நாலு பெண்களும் 700 எபிசோடுக்கு மேல் போராடுகிறார்கள். ஒரே இயக்குநர், ஒரே சேனல், ஒரே நேரம். கதை முன்னால் போகவில்லை, பின்னால் வந்திருக்கிறது.

இதை உத்திரமேரூரில் உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் உறுத்துது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எங்க பக்கம் நடந்தது இதுக்கு நேர் எதிர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் விடியறதுக்குள்ள கிராமத்து முனைகளில் வந்து நிற்கும். கழுத்தில் ஐடி கார்டு தொங்க, கையில் சாப்பாட்டு டப்பாவோடு பெண்கள் ஏறுவார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவார்கள். அப்பாவே வண்டியில் கொண்டுவந்து விடுகிற வீடும் உண்டு, சம்பளம் முழுக்க அம்மா கையில் போகிற வீடும் உண்டு, அந்தச் சம்பளத்தில்தான் தன் கல்யாணச் செலவையே சேர்க்கிற பெண்ணும் உண்டு. சண்டை, சந்தேகம், காதல், சீட்டு, கடன் என்று இதில் இல்லாத கதையா? அன்றைக்கு ராத்திரி இவர்கள் வீட்டு டிவியிலும், வாசலைத் தாண்டலாமா என்று நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உடனே ஒருத்தர் 'சிங்கப்பெண்ணே' இருக்கே என்பார். நியாயம். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகி ஆனந்தி கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள். நம்பிப் போய் உட்கார்ந்தேன். ஆனா கதை அன்புவா மகேஷா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டதும் தையல் மெஷின் பின்னணிக்குப் போய்விட்டது. மணிக்கு எத்தனை பீஸ், டார்கெட் முடியலைன்னா என்ன ஆகும், ஓவர்டைம் உண்டா, பிஎஃப் பிடிக்கிறாங்களா? ஒரு தையல்காரப் பெண் தினமும் பேசுகிற இந்தப் பேச்சுகள் கதையை நகர்த்துவதில்லை. கம்பெனியும் ஒரு கூட்டுக்குடும்ப வீடு மாதிரி ஆகி, சூழ்ச்சி செய்கிற ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள்.

'எதிர்நீச்சல்' பற்றி இன்னொன்று. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகியின் அப்பாவாக வந்தவர். கொடுமையை உரக்கக் கத்தாமல், நக்கலாகச் செய்தார். அவருடைய "ஏய், இந்தாம்மா" மீம் ஆனது. டீக்கடையில் சீரியல் பேச்சே எடுக்காத ஆண்கள்கூட அவருக்காகப் பார்த்தார்கள். அந்த நடிப்பு அபாரம். அதில் ஒரு சிக்கலும் இருக்கு. பெண்டாட்டியை அதட்டுகிற சொல்லை ஊரே ரசித்துச் சொல்ல ஆரம்பித்தபோது, யாரைப் பார்த்து எதற்காகச் சொன்ன சொல் அது என்பது மறந்துபோச்சு. 2023 செப்டம்பர் 8 அன்று இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி அவர் இறந்தார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அந்த வருஷ டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி வந்தது. அடக்குகிறவர் இல்லாமல் இந்தக் கதை ஓடாது என்பது ஆள் மாற்றத்திலேயே தெரிந்தது. விடுதலை கிடைத்தால் எபிசோட் கிடையாது என்பது அந்தத் தலைப்பிலேயே இருக்கு.

இதை எங்க அத்தையிடம் சொன்னேன். மெட்டி ஒலியிலிருந்து ஒரு நாள் விடாமல் சீரியல் பார்க்கிறவர். "நெஜத்துல மட்டும் ஒரே நாள்ல வெளிய வந்துட்றாங்களா? நாப்பது வருஷமா பாத்துக்குனு இருக்கேன். அவளுங்க தோத்து தோத்து மறுபடி எழுந்துக்கறாளுங்கல்ல, அதுக்குத்தான்டா பாக்கறேன்" என்றார். இந்த வாதத்தை நான் லேசில் தள்ளிவிட முடியாது. அவர் பார்ப்பது ஜெயிப்பதை அல்ல, சளைக்காமல் இருப்பதை. தினமும் வருகிற ஒரு கலைவடிவம்தான் அந்தச் சளைக்காமையைக் காட்ட முடியும். இரண்டரை மணி நேர சினிமாவால் முடியாது.

ஆனா அத்தைக்கே ஒரு பதில் அவர் வீட்டில் இருக்கு. நிஜ வாழ்க்கையில் காலம் நகர்கிறது. அத்தை வாசல் தாண்டாத மருமகளாக வந்தவர். அவர் பேத்தி ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கிறாள். இடையில் யார் யாரிடம் சண்டை போட்டு, யார் எந்த நாளில் விட்டுக்கொடுத்து இது நடந்தது? அத்தையே அதில் ஒரு பாத்திரம். முதலில் தடுத்தவரும் அவர்தான், பிறகு மகனோடு பேசி அனுப்பிவைத்தவரும் அவர்தான். இந்த மாற்றம் மூன்று தலைமுறை எடுத்துக்கொண்டது. 1500 எபிசோட் ஓட்டுகிற வசதி உள்ள வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

இப்போ பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: 'எதிர்நீச்சல்' முதல் வருஷத்தைப் பாருங்க. சன் நெக்ஸ்டில் 1.5 வேகத்தில் ஓட்டலாம், ரியாக்ஷன் ஷாட்டுகளைத் தள்ளலாம். அடுப்படிக் காட்சி வரும்போது மட்டும் சாதாரண வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்க. அந்தத் தணிந்த குரல் வேகத்தில் போய்விடும். பிற்பகுதியைப் பாதியிலேயே விட்டாலும் நஷ்டமில்லை.