லண்டனின் அசுர பேஸ்

ராப்பும் ஹெவி மெட்டலும் கலந்த நூ-மெட்டல் இசை என்றதும் எல்லோரும் கோர்ன், லிம்ப் பிஸ்கிட் குழுக்கள் என்று அமெரிக்காவுக்கே ஓடுகிறார்கள். ஆனால் 1998-இல் லண்டனில் ஒன் மினிட் சைலன்ஸ் குழு வெளியிட்ட முதல் ஆல்பம் ‘அவைலபிள் இன் ஆல் கலர்ஸ்’ பலர் காதில் விழவேயில்லை.

குழுவின் பாடகர் யாப் அயர்லாந்துக்காரர். மூச்சுவிடாமல் கோபமாகச் சொற்களைக் கொட்டுவார். அந்தக் கோபம் காதல் தோல்வியால் வந்ததல்ல, அரசியல். ஆனால் என் காது போவது ஜிப்ரால்டரிலிருந்து வந்த கிளென் டியானியின் பேஸ் கிதாருக்குத்தான். கட்டைவிரலால் தந்தியை அடித்து, அடுத்த விரலால் சுண்டி இழுக்கும் ஃபங்க் வாசிப்பு. கனத்த கிதாருக்கு நடுவிலும் அது தவில் சொல்போலத் தெறித்துக் கேட்கும். (மட்டமான இயர்போனில் கேட்டால் பாதி போச்சு.) கோர்ன் பேஸில் சடசடப்பு அதிகம், இதில் துள்ளல். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.