கட்டியங்காரன் இல்லாத மாயாஜாலம்

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வெளியானது. அந்த வாரமே ஊர் இரண்டு கட்சியானது. கிராபிக்ஸும் கூச்சலும் போக இதில் நடிப்பு எங்கே என்றார்கள் விமர்சகர்கள். படம் எப்படியோ போகட்டும், சூர்யாவின் உழைப்பைப் பாருங்கள் என்றார்கள் ரசிகர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் இளைஞர்களிடம் நான் கேட்டதெல்லாம் இரண்டாவது கட்சியின் பேச்சைத்தான். நாளெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்பவர் வாயில் ‘உழைப்பு’ என்ற சொல் சும்மா வராது. அதற்கு மரியாதை உண்டு. ஆனாலும் மாயாஜாலப் படத்தின் நடிப்பை மேக்கப் போட்ட மணிநேரத்தையும் உடம்பை ஏற்றிய கிலோவையும் வைத்து அளக்க முடியாது. அதை அளக்கும் கோல் இந்த மண்ணிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் வட எல்லை இது. திரௌபதி அம்மன் திருவிழாவில் இன்றும் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன, திரைக்குப் பின்னிருந்து ஆடிக்கொண்டே துரியோதனன் வருவான். அவனை வரவேற்பவன் கட்டியங்காரன். நீ யார், எந்த ஊர் என்று ராஜாவையே குடைவான், நக்கலடிப்பான். சனம் சிரிக்கும், சிரித்த அதே சனம் படுகளத்தன்று துரியோதனன் விழும்போது உறைந்து நிற்கும். பக்கத்தில் ஒருவன் சந்தேகப்பட்டால்தான் நாம் மாயத்தை நம்புகிறோம்.

தமிழ் சினிமாவின் தொடக்க கால மாயாஜாலங்களுக்கு இந்தச் சூட்சுமம் கைவந்திருந்தது. ‘பாதாள பைரவி’யில் (1951) எஸ்.வி. ரங்காராவின் நேபாள மாந்திரீகன், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு எல்லாம் எல்லோரும் அறிந்தவை. நின்று பார்க்க வேண்டியது ‘மாயா பஜார்’ (1957). தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு, இரு மொழியிலும் சென்னையில் உருவான அந்தப் படம் சொந்தப் பிள்ளை. அதில் மணப்பெண் வத்சலாவாக உருமாறி உட்கார்ந்திருப்பவன் கடோத்கஜன். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரம் முடிகிற இடத்தில் சாவித்திரி தொடங்குகிறார். நாணத்தோடு குனிந்த தலை, அதற்குக் கீழே மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை நசுக்கும் ராட்சசப் பாதம். அரக்கனும் கட்டியங்காரனும் ஒரே உடம்பில்.

இந்த வரிசையில் நாம் மறந்துபோனவர் ஜாவர் சீதாராமன். ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தில் ஏற்ற இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘அந்த நாள்’ (1954) திரைக்கதையை எழுதி, அதில் துப்பறியும் அதிகாரியாகவும் வந்தவர். அவரே ‘பட்டணத்தில் பூத’மாக (1967) ஜாடியிலிருந்து புறப்பட்டபோது பயமுறுத்தக்கூட முயலவில்லை. எஜமானனுக்கு நல்லது செய்யப் போய் வம்பை இழுத்து வைத்து, ஏனென்று புரியாமல் விழிக்கும் பூதம் அது. அந்த விழிப்பில் இருக்கும் நயம் அதன் பிறகு வந்த எந்தப் பூதத்துக்கும் வாய்க்கவில்லை.

அடுத்து வந்தவை ‘ஜகன்மோகினி’ வகை டப்பிங் பேய்களும் இராம நாராயணனின் பாம்புகளும். ‘அம்மன்’ (1995) ரம்யா கிருஷ்ணன், விழிகளாலேயே தட்டுமுட்டு கிராபிக்ஸைக் கரையேற்றினார். புத்தாயிரத்தில் பட்ஜெட் பெருத்தது, சிரிப்பு வற்றியது. ‘இரண்டாம் உலகம்’ (2013), ‘புலி’ (2015) இரண்டும் பிரம்மாண்டத்தின் எடையில் மூழ்கின. தப்பியவற்றைக் கவனியுங்கள். ‘ஆயிரத்தில் ஒருவ’னில் (2010) கூலியாட்களின் தலைவனாக வரும் கார்த்தி வாயாடிச் சிரிக்க வைத்திராவிட்டால், பார்த்திபனின் பசித்த சோழன் நம்மைத் தைத்திருக்க மாட்டான். ‘நான் ஈ’யில் (2012) சுதீப், கண்ணில் படாத ஈயிடம் அடிவாங்கித் தன்னைத் தானே கேலிப்பொருளாக்கிக்கொண்டார். ‘மாவீர’னில் (2023) விஜய் சேதுபதியின் குரலே கட்டியங்காரன், அண்ணாந்து பார்த்து நடுங்கும் சிவகார்த்திகேயன் அதனால்தான் நம்மவராகிறார்.

‘கங்குவா’வில் சிரிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது யோகி பாபுவோடு கோவாவின் நிகழ்காலத்தில் தனி அறையில் பூட்டிக் கிடக்கிறது. பழங்காலத் தீவில் கங்குவாவை நக்கலடிக்க யாரும் இல்லை. கேலி செய்ய ஆளில்லாத வீரன் கத்தித்தான் தன்னை நிறுவ வேண்டியிருக்கிறது. ரிலீசுக்குப் பிறகு திரையரங்குகளில் ஒலியளவைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே சொல்ல நேர்ந்தது, ஒலிக்கலவையின் பிழையால் மட்டும் அல்ல.

சூர்யாவுக்கு இந்த வித்தை தெரியாதா? ‘பிதாமக’னில் (2003) வாய் பேசாத வெட்டியான் விக்ரமுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தச் சுடுகாட்டு மனிதனை நாம் நெருங்கியதோ, அவன் தோளில் கைபோட்டு லொடலொடவென்று பேசித் திரிந்த தில்லுமுல்லுக்காரன் சக்தியின் வழியாக. அந்தக் கட்டியங்காரன் சூர்யாதான். ரசிகர்கள் கொண்டாட வேண்டியது அந்த வாயாடியை. அடுத்த மாயாஜாலப் படத்துக்கு வாள் வார்க்கும் முன் அவனைக் கூப்பிடுங்கள்.