தவிலுக்கு ஒரு கணக்கு, குத்துப்பாட்டுக்கு வேறு கணக்கு

ஸ்பீக்கர் எத்தனை வாட்டோ, அதைப்போல் இரண்டு மடங்கு ஆம்ப்ளிஃபையர் எடுக்க வேண்டும். மேடை ஒலியமைப்பில் உலகெங்கும் புழங்கும் விதி இது. மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவானாலும் பட்டணத்துக் கல்யாண மண்டபமானாலும், ஆம்ப்ளிஃபையர் வாங்கும் பேச்சு வந்தால் இந்த விதியும் கூடவே வந்துவிடும். நினைவில் வைக்க எளிது, கடையில் சொல்லிக் கேட்கவும் எளிது. இது தவறான விதியும் அல்ல. ஆனால் எதற்காக ஏற்பட்டது என்பது மறந்துபோய், எல்லா இடத்துக்கும் எல்லா இசைக்கும் பொருந்தும் சூத்திரமாக அது மாறிவிட்டது. அதனால் கோயில் பணம் வீணாகிறது, ஸ்பீக்கர் எரிகிறது, முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளின் காதும் கெடுகிறது.

விதியின் நியாயத்தை முதலில் பார்ப்போம். நல்ல ஸ்பீக்கரின் விவரத்தாளில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு 400 வாட் என்றால், புரோகிராம் அளவு 800, உச்ச அளவு 1600. இரட்டிப்பு விதி நடு எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மேடையில் நேரடியாக வாசிக்கும் இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை என்பதே காரணம். தவிலில் விழும் ஓர் அடியின் உச்சம், வாசிப்பின் சராசரி மட்டத்தைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எழும்பும். உறுமி மேளத்தில் குச்சி விழும் கணமும் அப்படித்தான். அந்தக் கணத்துக்குக் கையிருப்பு இல்லாத ஆம்ப்ளிஃபையர், அலையின் தலையை வெட்டிவிடும்.

வெட்டுப்பட்ட அலை காதுக்குக் கரகரப்பு, ஸ்பீக்கருக்குச் சூடு. 300 வாட் ஆம்ப்ளிஃபையரை விடாமல் கிளிப் ஆகவிட்டால், அலை சதுர வடிவை நெருங்க நெருங்க அது ஏறக்குறைய 600 வாட் வரை தள்ளும். மேல் ஸ்தாயியின் பங்கும் கூடுவதால் ட்வீட்டர்தான் முதலில் போகும். சின்ன ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரை எரிக்கும் என்ற பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவே. அளவில் சிறியது என்பதற்காக எந்த ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரை எரிப்பதில்லை. போதாததை வைத்துக்கொண்டு முறுக்கினால்தான் எரியும். ஆகவே கையிருப்பு வேண்டும் என்று சொல்லும் வரை இரட்டிப்பு விதி சரி.

சிக்கல் இரவில் தொடங்குகிறது. காலையில் நாதஸ்வரம், தவில்; மாலையில் உறுமி; இரவில் சினிமாப் பாட்டு. மூன்றும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. 800 வாட் ஆம்ப்ளிஃபையரின் கிளிப் விளக்கு மினுக்கும் அளவுக்குத் தவிலை ஏற்றினாலும், உச்சத்துக்கும் சராசரிக்கும் 20 டெசிபல் இடைவெளி இருந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் சராசரி வெறும் 16 வாட்தான். இன்றைய குத்துப்பாட்டு ஒலிப்பதிவின்போதே அமுக்கப்பட்டு வருகிறது. இடைவெளி 6 டெசிபலுக்குச் சுருங்கினால், அதே விளக்கு மினுக்கும்போது சராசரி 400 வாட்டைத் தொட்டுவிடும். ஸ்பீக்கரின் தொடர்ச்சித் தாங்குதிறன் அதுவேதான். அந்த எண்ணும் பல தயாரிப்புகளில் 2 மணி நேரச் சோதனையில் கிடைத்தது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஆடும் கூட்டத்துக்கு எதிரே, கிளிப் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் எங்கே தாங்கும்? காலையில் ஸ்பீக்கரைக் காத்த அதே விதி இரவில் அதை எரிக்கிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. ஆம்ப்ளிஃபையரின் முகப்புக் குமிழைப் பாதியில் வைத்தால் அது பாதி சக்திதான் தரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் குமிழ் உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கிறதே தவிர, வெளியே போகும் சக்திக்கு வரம்பு கட்டுவதில்லை. மிக்சரில் கை ஏறினால், பாதியில் நிற்கும் குமிழையும் தாண்டி முழு 800 வாட்டும் வெளியே வரும். மைக் கீழே விழுந்தாலும் ஊளையிட்டாலும் அப்படியே. வரம்பு கட்டுவது லிமிட்டர். 8 ஓம், 400 வாட் ஸ்பீக்கருக்கு 57 வோல்ட்டுக்கு மேல் நீடிக்க விடக்கூடாது என்று அதில் அமைத்துவிட்டால், இரட்டிப்பு ஆம்ப்ளிஃபையர் ஆபத்தில்லாத கையிருப்பாகிவிடும். லிமிட்டர் இல்லாமல் இந்த விதியைப் பின்பற்றுவது அரைகுறை வேலை.

அடுத்த கோளாறு எண்ணைப் படிப்பதில் இருக்கிறது. கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502 என்ற ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் 1500 வாட் என்று மனம் கணக்குப் போடும். அதன் விவரத்தாளோ ஒரு சேனலுக்கு 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 525, 2 ஓமில் 775 என்கிறது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. வாங்குபவர்தான் ஓமைக் கேட்காமல் வாட்டை மட்டும் கேட்கிறார். 8 ஓம் பெட்டிகள் இரண்டை ஒரே சேனலில் இணைத்தால் 4 ஓம், நான்கை இணைத்தால் 2 ஓம். திடலில் கூட்டம் கூடிவிட்டது என்று பெட்டிக்குப் பின்னால் பெட்டியாகக் கோத்துக்கொண்டே போனால், ஆம்ப்ளிஃபையர் கொதித்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இரண்டு சேனல்களையும் ஒன்றாகச் சேர்க்கும் பிரிட்ஜ் முறையில் 4 ஓம் பெட்டியைச் செருகினால் ஒவ்வொரு சேனலும் 2 ஓமைச் சுமக்கிறது. நண்பகல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத ரேக்கில் அந்தச் சுமையை நீண்ட நேரம் தாங்கும் ஆம்ப்ளிஃபையர்கள் குறைவு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த விதி கேட்பவர் எங்கே இருக்கிறார் என்றே கேட்பதில்லை. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 97 டெசிபல் தரும் பெட்டிக்கு 400 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 123 டெசிபல். திறந்த திடலில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். 32 மீட்டரில் மிஞ்சுவது 93. ஆம்ப்ளிஃபையரை 800 வாட்டுக்கு உயர்த்தினால் அங்கே 96 கிடைக்கும். பணம் ஏறக்குறைய இரட்டிக்கிறது, காதில் ஏறுவது 3 டெசிபல். அதே 400 வாட்டில் இன்னொரு ஜோடிப் பெட்டியைத் திடலின் நடுவில், பின்வரிசைக்கு 16 மீட்டர் தூரத்தில் வைத்தால் 99 கிடைக்கும். அந்த ஜோடிக்குச் சுமார் 46 மில்லி விநாடி தாமதம் கொடுத்தால் பேச்சு எதிரொலிக்காது. முன்வரிசையின் காதைப் பிளக்காமல் பின்வரிசைக்குச் சொல் தெளிவாகப் போய்ச் சேரும்.

தோட்டத்துப் பழைய ஒலியமைப்பும் இந்தப் பாடத்தையே சொல்கிறது. தான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து தோட்டங்கள் பரவிய மாநிலம் மலாக்கா. லயத்து வீடுகள் சிதறிக் கிடந்த காலத்தில், கோயிலில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரின் பாட்டு தோட்டம் முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது. கூம்பு 1 வாட்டுக்கு 107 டெசிபல் தரும் என்றால், 40 வாட்டே 123 டெசிபலுக்குப் போதும். இன்றைய பெட்டிக்கு 400 வாட் கொடுத்துப் பெறுவதை அது பத்தில் ஒரு பங்கில் தந்தது. 100 வோல்ட் லைனில் ஓடினால் நீண்ட கம்பியிலும் இழப்பு குறைவு. கூம்பில் அடிநாதம் இல்லை, உறுமியின் முனகல் அதில் ஏறாது. இருந்தாலும் அறிவிப்புக்கும் அர்ச்சனைக்கும் அது இன்றும் சிக்கனமான கருவி.

கம்பியில் கஞ்சத்தனம் செய்தால் இரட்டிப்பு வாட்டும் வீண். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியை 30 மீட்டர் இழுத்து 4 ஓம் சுமையை இணைத்தால், ஸ்பீக்கரைச் சேரும் சக்தி ஏறக்குறைய பாதிதான். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் ஐந்தில் நான்கு பங்கு போய்ச் சேரும். கூடுதல் ஆம்ப்ளிஃபையர் தரும் 3 டெசிபலில் பெரும்பகுதியைக் கம்பியே தந்துவிடுகிறது.

எல்லா இடத்துக்கும் உரத்த ஒலி தேவையும் இல்லை. மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலும் கம்போங் கிலிங் பள்ளிவாசலும் ஒரே குறுகிய தெருவில் இருக்கின்றன. சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலும் எட்டும் தூரத்தில்தான். அங்கே கேட்பவர் பத்தடியில் நிற்கிறார். மாசி மகத்தில் செங் என்னும் ஊரின் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் ஊர்வலத்தில் இடமும் கூட்டமும் மாறிக்கொண்டே போகும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? நிகழ்ச்சி இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்த வரம்பு பொருந்தும்.

உள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் லிமிட்டரும் பொருந்திய பெட்டிகள் இந்தக் குழப்பங்களில் பலவற்றைத் தீர்க்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் மின்கம்பி இழுக்க வேண்டும். மழை ஈரத்தில் அது ஆபத்து. பழுதானால் ஆம்ப்ளிஃபையரும் பெட்டியும் சேர்ந்தே முடங்கும். தனி ஆம்ப்ளிஃபையரோ பந்தலின் ஓர் ஓரத்தில் பாதுகாப்பாக இருக்கும், மாற்றவும் எளிது. தோட்டத் திடலுக்கு அது இன்னும் நல்ல தேர்வுதான்.

ஆகவே இரட்டிப்பு விதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைக் கடைசிக் கேள்வியாக வைத்தால் போதும். யார், எவ்வளவு தூரத்தில் கேட்கிறார்கள்? நேரடி மேளமா, அமுக்கிய பாட்டா? ஒரு சேனலில் எத்தனை ஓம்? கம்பி எவ்வளவு தடிமன், லிமிட்டர் உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு வாட்டைப் பேசலாம். கோயில் குழுவின் கையில் இருப்பது ஊர்க்காரர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காணிக்கை. அந்த ரிங்கிட்டைப் பெரிய எண் எழுதிய பெட்டியில் போடுவதைவிட, இன்னொரு ஜோடி ஸ்பீக்கரிலும் நல்ல கம்பியிலும் லிமிட்டரை அமைக்கத் தெரிந்த ஓர் இளைஞரின் பயிற்சியிலும் போட்டால், பின்வரிசைப் பாட்டிக்கும் தேவாரம் தெளிவாகக் கேட்கும்.