நூறு கிராமும் அரைத்துத் தரும் கடை

காப்பித்தூளை மட்டுமே விற்கும் கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நாலு கடை தள்ளி வரும்போதே வறுவல் வாசனை வந்துவிடும். கிலோ விலையை மட்டும் பார்த்தால் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டைவிட அங்கே மலிவு என்று சொல்ல முடியாது. சில சமயம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் கொடுக்கிற காசுக்கேற்ற சரக்கு அந்தச் சின்னக் கடையில்தான் கிடைக்கிறது என்பது என் கட்சி. கடைக்காரரின் நல்ல குணத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழில் நடக்கும் விதமே அப்படி.

வறுத்த கொட்டை முழுதாக இருக்கும்வரை மணத்தை ஓரளவு பிடித்துவைத்திருக்கும். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடி, சில நாட்களிலேயே மணம் இறங்கத் தொடங்கும். ஆலையில் அரைத்த தூள் கிடங்கு, விநியோகஸ்தர், கடை அடுக்கு என்று சுற்றி நம் வீட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதுவரை தாங்குவதற்கான உறையின் செலவும், விளம்பரச் செலவும், இடையில் இருப்பவர்களின் லாபமும் பாக்கெட்டின் விலையில்தான் ஏறுகின்றன. காப்பித்தூள் கடையிலோ வறுவலுக்கும் டம்ளருக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தருவார்கள். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஒரே பொருளோடு வருடக்கணக்கில் பழகியதால் வரும் தேர்ச்சி. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டையான பக்கம் ஒட்டி இருக்கும்; ஒற்றையாக உருண்டு விளைவது பீபெரி. பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா, பிளாண்டேஷன். டிக்காஷனுக்குக் கனம் கொடுப்பது ரோபஸ்டா. ‘பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி இருபது’ என்று சொன்னால் அந்தக் கணக்கிலேயே கலந்து தருவார்கள். விவரம் தெரிந்தவர், வீட்டில் ஃபில்டரா காப்பி மேக்கரா என்றும் கேட்பார். ஃபில்டருக்குத் தூள் மிகவும் நைசாக இருந்தால் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு டிக்காஷன் இறங்காது. மிகவும் கொரகொரப்பாக இருந்தால் தண்ணியாக இறங்கிவிடும். இந்தக் கேள்வியைப் பாக்கெட் கேட்காது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கடைகளின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். அது சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துத் தூளாக்கினால் நிறமும் கெட்டியும் தரும், காஃபின் கிடையாது. குறைந்த தூளில் திடமான டிக்காஷன் வேண்டும் என்பவர்கள் தெரிந்தே சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் காப்பிக்கொட்டையைவிட அது மிகவும் மலிவு. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் அந்த விகிதம் அச்சாகியிருக்கும். சின்னக் கடையின் பொட்டலத்தில் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது. இருபது கேட்டவருக்கு முப்பது விழுந்தால் எப்படித் தெரியும்? ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காப்பி கொஞ்ச நேரம் மிதக்கும்; சிக்கரி நிறத்தைக் கோடாக விட்டுக்கொண்டே சட்டென்று கீழே இறங்கும். கலந்திருக்கிறதா என்று இந்தச் சோதனை காட்டிவிடும். எவ்வளவு என்று காட்டாது.

கொட்டை விலை ஏறும்போது சிக்கரியை அதிகம் கலக்கும் சபலம் இன்னும் கூடும். பிரேசிலும் வியட்நாமும் வறட்சியில் அடிபட, 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிகா விலை 1977-இன் உச்சத்தையே தாண்டியது. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுச் சரக்கைச் சேர்த்துவைக்க முடியும். சில மூட்டைகளாக வாங்கும் சின்னக் கடைக்கு அந்த வசதி இல்லை. விலைப்பலகையைத் திருத்துவது, லாபத்தைக் குறைத்துக்கொள்வது, யாருக்கும் தெரியாமல் சிக்கரியைக் கூட்டுவது என்று மூன்றே வழிதான். வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லி விலையை ஏற்றிய கடைக்காரர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வறுவல் ஒரே ஆளின் கண்ணையும் மூக்கையும் நம்பியிருப்பதால், அவர் வராத நாளில் பதம் மாறிவிடுவதும் உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விகிதத்தை மறைப்பதைப் பொறுக்க முடியாது. வறுத்த தேதி, கொட்டையின் வகை, சிக்கரி விகிதம் ஆகிய மூன்றையும் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதித் தர எந்தக் கடைக்கும் பெரிய செலவு ஆகாது. அப்படி எழுதித் தராத இடத்தில், அரைத்த காப்பியைத் தனியாகவும் சிக்கரியைத் தனியாகவும் நிறுத்துக் கட்டித் தரச் சொல்லி, வீட்டில் கலந்துகொள்வதே நல்லது.