வாக்ளேவுக்கே என் ஓட்டு

புணேயில் சிம்பயாசிஸ் வளாகத்தில் கட்டம்போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒரு சிலை நிற்கிறது. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் 'காமன் மேன்'. கார்ட்டூனில் அவர் வாயே திறந்ததில்லை. அவருக்கும் சேர்த்துப் பேசியவர் தூர்தர்ஷனின் ஸ்ரீநிவாஸ் வாக்ளே.

1988-ல் வந்த அந்த 'வாக்ளே கி துனியா' தொடருக்கு லக்ஷ்மணின் பாத்திரங்களே மூலம். இயக்கிய குந்தன் ஷா, புணே திரைப்படக் கல்லூரியில் படித்தவர்.

இன்று போட்டுப் பார்த்தாலும் சலிக்கவில்லை. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது: ஆபீஸ், சம்பளம், அக்கம்பக்கம். வாக்ளேவாக வரும் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் முகத்தைப் பாருங்கள். நியாயம் கேட்க வாயெடுப்பார், எதிராளி கொஞ்சம் முறைத்தால் அந்தப் பேச்சு அப்படியே அசட்டுச் சிரிப்பாக வழியும். ராதிகாவாக வரும் பாரதி ஆச்ரேகர் ஒரு பார்வையிலேயே கணவரை எடைபோட்டுவிடுவார். வாக்ளேவை காரில் இடிக்கும் இளைஞனாக ஒரு எபிசோடில் தலைகாட்டுபவர், அப்போது அவ்வளவாகப் பேர் தெரியாத ஷாருக் கான்!

2021-ல் சோனி சப் அடுத்த தலைமுறையை வைத்துப் புதிதாகத் தொடங்கியது. பழைய ஜோடியும் அதில் இருந்தது. அதில் நடித்த சுமீத் ராகவன் நன்றாகவே செய்தார். ஆனாலும் புதியதில் பிரச்சினை முடிந்ததும் பாடம் சொல்லாமல் விடமாட்டார்கள். பழைய வாக்ளே யாருக்கும் பாடம் நடத்தவில்லை. மாட்டிக்கொண்டு முழித்தார், அவ்வளவுதான். ஒரே முகத்தை இடிமுழக்கத்தோடு மூன்று முறை காட்டும் சீரியல்களுக்கு நடுவே, அந்த முழி ஒன்றே போதும்.